ஜன்னல் வரை நடப்பது

வாக், என்கிறாள் ஜின்சி. வாக் அப்பா, வாக். அவள் வாயில் அது எவ்வளவு சின்னச் சொல்லாக இருக்கிறது. உதட்டைக் குவித்து விரிப்பதற்குள் முடிந்துபோகிறது. நான் நின்றுகொண்டிருக்கிறேன். வலது கையில் நாலு கால் வைத்த கைத்தடி, அதன் ரப்பர் பாதங்கள் மொசைக் தரையைக் கவ்விக்கொண்டு நிற்கின்றன, என்னைவிட உறுதியாக. இடது கை சும்மா தொங்குகிறது. இப்போதுதான் தாழ்வாரத்தைத் துடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், பினாயில் வாசனை, ஈரத்தரையில் டியூப்லைட்டுகள் வரிசையாக மிதக்கின்றன, அந்தக் கோடியில் ஒரு ஜன்னல், ஜன்னல் நிறைய வெயில். அந்த ஜன்னல் வரைக்கும் யாரும் பிடிக்காமல் நான் போய்விட்டால் அயனாவரத்தில் என் வீட்டுக்குப் போகலாம். முடியாவிட்டால் பூனா, என் மகன் பூபாலனின் வீடு. நேற்று டாக்டர் முன்னால் வைத்து அவனே ஒப்புக்கொண்டது இது. இன்றைக்குத்தான் கடைசி, நாளைக்கு டிஸ்சார்ஜ். பூபாலன் ஜன்னலுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நிற்கிறான், போனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்க்கிறான். என் மார்பு உயரம்கூட இல்லாத, பிசியோதெரபி செய்யும் இந்த மலையாளப் பெண் என் இடது முழங்காலைத் தொட்டு, லெஃப்ட் ஃபர்ஸ்ட் அப்பா, சுகமில்லாத்த கால் முதல்ல, என்று தினமும் சொல்வதை இன்றும் சொல்கிறாள். எனக்குப் புரிகிறது. நன்றாகப் புரிகிறது. இடது கால், முதலில், முன்னால். மூளை சொல்லிவிட்டது. ஆனால் நகர்ந்தது வலது கால். நகர்ந்ததும் உடம்பின் மொத்தக் கனமும் அந்த இடது முழங்காலில் இறங்கி, அது நனைந்த அட்டைபோல மடங்கி, ஜின்சி என் இடுப்புப் பட்டையைப் பிடித்து நிமிர்த்தி, சாரமில்லா அப்பா, பரவால்ல, இன்னொரு தடவை, என்கிறாள். பூபாலன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறான்.

படுக்கையில் படுத்திருக்கும்போது இதே இடது கால் மேலே தூக்கினால் தூக்குகிறது. மடக்கினால் மடங்குகிறது. அதுதான் ஜின்சிக்குப் புரியவில்லை, டாக்டருக்கும் புரியவில்லை. நின்றால் ஏன் முதல் அடி வைக்கமாட்டேன் என்கிறது, இனிஷியேட் பண்ண மாட்டேங்கிறார் என்று டாக்டர் பூபாலனிடம் சொன்னார், நான் அங்கே இல்லாததுபோல. எனக்கு அந்தச் சொல் தெரியும். ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் லிஃப்டுக்குள் உட்கார்ந்து படித்தது. மவுண்ட்ரோட்டில் ஒரு பழைய ஆபீஸ் கட்டிடத்தில் லிஃப்ட்மேன், வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வுபெற்ற நாள் வரை ஒரு மர ஸ்டூல், ஒரு பித்தளைக் கைப்பிடி, ஒரு மடக்குக் கதவு. நடக்காத வேலை. உட்கார்ந்தபடியே மேலே போவேன், உட்கார்ந்தபடியே கீழே வருவேன், தளங்கள் கம்பிக்கதவுக்கு வெளியே தண்ணீரில் அமிழ்வதுபோல இறங்கிக்கொண்டே இருக்கும். ஆட்களின் முகத்தைவிட எனக்குக் கால்கள்தான் பழக்கம், ஸ்டூலின் உயரம் அப்படி. ஒருநாள் கால்களாக வந்து குவிந்தன, புதுச் செருப்பு, பாலீஷ் போட்ட பழைய ஷூ, எல்லாம் இளவயதுக் கால்கள். என்ன விசேஷம் என்று கேட்டதற்கு ஒருத்தன், வாக்-இன் இன்டர்வியூ அண்ணே, சும்மா நடந்து உள்ளே போனாப் போதும், கூப்பிட்டு லெட்டர் வரணும்னு இல்ல, என்றான். சும்மா நடந்து போனால் போதும் என்றவனே லிஃப்டுக்கு வெளியே ஒரு நொடி நின்று, காலை மாற்றி, வலது காலை எடுத்து உள்ளே வைத்தான். அவன் மட்டுமா, அத்தனை பேரும். சிலர் அதற்காகவே ஒரு சின்னக் குதி குதித்தார்கள். அன்றைக்குத்தான் அகராதியில் வாக் என்ற சொல்லைப் பார்த்தேன், மூர்மார்க்கெட்டில் வாங்கிய அட்டை போன அகராதி. ஒரு சின்னச் சொல்லுக்கு அரைப்பக்கம். முதல் அர்த்தமே என்னை நிறுத்திவிட்டது. இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்பாமல், ஒன்று மாற்றி ஒன்றாக முன்னே வைத்துப் போவது. இரண்டும் எழும்பினால் அது ஓட்டம். அப்படியென்றால் நடக்கும்போது எப்போதும் ஒரு கால் தரையில் இருக்கிறது, எப்போதும் ஒரு கால் இன்னும் போகாமல் நின்றுகொண்டிருக்கிறது. அதுவரைக்கும் நடப்பது என்றால் போவது என்றுதான் நினைத்திருந்தேன். பாதி நிற்பதுதான் நடப்பது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

வாக் அப்பா. தடி முதல்ல. சரி, தடியை வைத்துவிட்டேன். தடி போய்விட்டது, நான் போகவில்லை. தாழ்வாரத்தின் ஓரத்தில் சக்கரநாற்காலியில் கன்னியப்பன் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்துக் கட்டில்காரர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், அவருக்கும் பக்கவாதம்தான், ஆனால் வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னாபா தணிகாசலம், ஒரு வாரமா அங்கயே நிக்கிற, அந்த எடத்துக்கு வாடகை எதனா குடுக்கிறியா, என்கிறார். ஜின்சி சிரிக்கிறாள், பாதி புரிந்திருக்கும். பேசாம வெளிநடப்பு பண்ணிடு, எதிர்க்கட்சி மாதிரி, ஒருத்தன் தடுக்கமாட்டான். வெளிநடப்பு. அதுவும் அந்த அரைப்பக்கத்தில் இருந்தது. கோபித்துக்கொண்டு வெளியே போவது ஒரு நடை, கட்டினவளை விட்டுவிட்டுப் போவது ஒரு நடை, போட்டியில் எதிராளியே வராமல் ஜெயிப்பது ஒரு நடை, தூக்கத்தில் எழுந்து போவது ஒரு நடை. விண்வெளியில் கப்பலுக்கு வெளியே ஒருவன் கயிற்றில் மிதப்பதற்குக்கூட அந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அங்கே தரை ஏது. எந்தக் கால் தரையில் நிற்கும். பக்கவாதம் வந்த அன்று விடியற்காலையில் சமையலறையில் பால் பாத்திரத்தை இறக்கியபோது என் இடது கால் அப்படித்தான் ஆனது. வலியே இல்லை. மரத்துப்போகவும் இல்லை. அது கயிற்றை அறுத்துக்கொண்டு மெதுவாக எங்கோ மிதந்து போய்விட்டது, நான் கீழே கிடந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், யாருடைய கால் இது, ஏன் என் வேட்டிக்குள் இருக்கிறது என்று. பால் என் கன்னத்துக்குக் கீழே வந்து சூடாக நின்று, பிறகு ஆறி, பிறகு ஈ மொய்த்தது. ஜன்னல் வெளிச்சம் தரையில் நகர்ந்து வந்து என் கையைத் தொட்டுவிட்டு அப்பால் போனது. மாடியில் குடியிருக்கும் பெண் தண்ணீர் மோட்டார் போடச் சொல்லக் கூப்பிட்டு, பதில் வராமல், அப்புறம்தான் எல்லாம். பூபாலன் பயப்படுவதில் என்ன தப்பு. விமானம் பிடித்து வந்தவன் என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று முதலில் கேட்டது, எவ்வளவு நேரம்பா கிடந்தீங்க, என்பதுதான். தெரியாதுடா என்றேன். தெரியும். ஆனால் அதை அவனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது.

பூனாவில் அவனுக்குப் பதினோராவது மாடி. போன வருஷம் போய் இருந்துவிட்டு வந்தேன். லிஃப்டில் ஆளே கிடையாது, பொத்தானை அழுத்தினால் ஒரு பெண்குரல் தளம் சொல்லும், அந்தக் குரல் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று என் கண் ஸ்டூலைத் தேடியது. மருமகள் நல்ல பெண், வெந்நீர் கேட்பதற்குள் கொண்டுவந்து வைப்பாள். ஆனால் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும், எண் போட்டுத் திறக்க வேண்டும், எண்ணை எனக்குச் சொல்லித்தரவில்லை, மறைத்தார்கள் என்றில்லை, எனக்கு எதற்கு என்று விட்டிருப்பார்கள். எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. என் கதவை நான் திறக்க வேண்டும், நானே சாத்த வேண்டும். தெருமுனை டீக்கடைக்கு என் வேகத்தில் போய் வர வேண்டும். இதைச் சொன்னால் அங்கேயும் டீக்கடை இருக்குப்பா என்பான். இருக்கிறதுதான். மெதுவாப்பா, அவசரமில்ல, என்று இப்போது ஜன்னலிலிருந்து சொல்கிறான். அவசரமில்லை என்கிற குரலில் அவ்வளவு அவசரம். நான் ஜெயிக்க வேண்டும் என்று நினைக்கிறானா, தோற்க வேண்டும் என்று நினைக்கிறானா, அவனுக்கே தெரியுமா. இன்னொரு தடவை முயன்றேன். இடது, இடது என்று சொல்லிக்கொண்டே வலது போனது. முழங்கால் மடங்கியது. பட்டை இழுத்தது. கன்னியப்பன் இந்தத் தடவை கேலியை விட்டுவிட்டு என் காலையே பார்த்தார், அதுதான் பயமாக இருந்தது.

ரெஸ்ட், என்கிறாள் ஜின்சி, சுவரில் சாயச் சொல்கிறாள். சுவர் குளிர்ச்சியாக இருக்கிறது. கண்ணை மூடினால் அந்த அரைப்பக்கம் வருகிறது, அதில் ஒரு இடத்தில் ஆங்கிலக்காரன் அந்தச் சொல்லை இன்னொரு ஆள்மேல் ஏற்றிவைத்திருந்தான். நாயை நடப்பது. ஒரு பெண்ணை வீடு வரைக்கும் நடப்பது. எனக்கு விசித்திரமாக இருந்தது, ஒருத்தர் கூடவே போய் விட்டுவிட்டு வருவதற்கு எதற்கு நடையை வைத்துச் சொல்ல வேண்டும். சம்பூரணத்திடம் சொன்னேன். என் மனைவி, குடும்பநலத் துறையில் வேலை, தடுப்பூசிப் பையை மாட்டிக்கொண்டு ஓட்டேரி, புளியந்தோப்பு, கன்னிகாபுரம் என்று சந்துசந்தாக ஏறி இறங்குகிறவள். நான் நடக்காத நடையெல்லாம் சேர்த்து அவள் நடந்தாள். அப்படின்னா தினம் பஸ்ஸ்டாண்டுல வந்து நின்னு என்னைக் கூட்டினு வரீங்களே, அதுவும் அவங்க ஊர்ல நாயைக் கூட்டினு போறதும் ஒண்ணுதானா, என்று கேட்டுவிட்டு அவ்வளவு சிரித்தாள். அன்றிலிருந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போதெல்லாம் நாய் வந்தாச்சா என்பாள், அவள் நாயா நான் நாயா என்று கடைசிவரை சொல்லவில்லை. வேகமாக நடப்பாள். நான் பின்னால் வருவேன். தெருவில் கேலி செய்வார்கள், பொண்டாட்டி முதுகைப் பாத்துக்கினே வீடு போய்ச் சேர்றான்பா என்று. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இடது தோளில் பை, அந்தப் பக்கம் கொஞ்சம் சரிந்து, பின்னலும் அந்தப் பக்கமே சரிந்து. வாசலுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு.

வாசலில்தான் என் நினைவு மாட்டிக்கொள்கிறது, சட்டை ஆணியில் மாட்டுவதுபோல. கல்யாணத்தன்று மாலை, அம்மா ஆரத்தி எடுத்து முடித்து, வலது காலை எடுத்து வச்சி வாம்மா என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே சம்பூரணம் உள்ளே வந்துவிட்டாள். இடது கால். களைப்போ, புடவை தடுக்கியதோ. கூட்டத்தில் ஒரு சத்தம் எழுந்தது, சோற்றுப்பானை சாய்ந்ததுபோல. அம்மா அவளைத் திரும்பத் தெருவுக்கு அனுப்பி, பிள்ளையார் கோயில் வரை போய்விட்டு வரச் சொல்லி, மறுபடி ஆரத்தி கரைத்து, மறுபடி உள்ளே அழைத்தாள். மாலையும் கழுத்துமாக ஒரு கல்யாணப்பெண் தனியாகத் தெருவில் நடந்து போய்த் திரும்பி வந்ததை அந்தத் தெரு பல வருஷம் பேசியது. அப்புறம் எது நடந்தாலும் அதுதான். பால் திரிந்தால், அப்பா வழுக்கி விழுந்தால், பூபாலன் பிறக்கத் தாமதமானால், எடது கால்ல வந்தவதானே. சம்பூரணம் பையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவாள். பிறகு அம்மா போய், வாடகை வீடு போய், அயனாவரத்தில் இந்த வீட்டைக் கட்டிப் பால் காய்ச்சியபோது எல்லார் கண்ணும் அவள் காலில்தான் இருந்தது, அவளும் மெதுவாக, எல்லாருக்கும் தெரிகிறமாதிரி, வலது காலை வைத்து உள்ளே வந்தாள். ஆனால் வேறு ஒருநாள் எனக்குக் காய்ச்சல், ஹாலில் வெறுந்தரையில் படுத்திருந்தேன், கண் வாசற்படி உயரத்தில். அவள் வேலை முடிந்து வந்தாள். செருப்பு வெளியே. இடது கால் உள்ளே வந்தது. தற்செயல் என்று நினைத்தேன். மறுநாளும் இடது. காய்ச்சல் விட்ட பிறகும் பார்த்தேன், தினமும், யாரும் பார்க்காதபோது, இடது. நான் கேட்கவில்லை. அது அவளுக்கும் வாசலுக்கும் நடுவில் உள்ள ஏதோ வழக்கு என்று விட்டுவிட்டேன். அந்தக் கால் படியைத் தாண்டுகிற அழகு மட்டும் மனசில் நின்றுவிட்டது, நீரில் இறங்குகிற கால்போல, முதலில் விரல்கள், பிறகு பாதம். அவள் படுத்த படுக்கையான பிறகு, கால்களில் எண்ணெய் தேய்த்துவிடும்போது ஒருநாள் கேட்டேன், என் அம்மா மேல் இருந்த கோபமா அது என்று. முதலில் அவளுக்கு எதைக் கேட்கிறேன் என்றே விளங்கவில்லை. விளங்கியதும் முகம் அப்படியே இளசாகிவிட்டது.

பாத்துட்டீங்களா, என்றாள். கோவம்லாம் ஒண்ணும் இல்லீங்க. பை அந்தத் தோள்லதானே தொங்கும், சாயங்காலம் ஆனா அந்தக் காலு விண்ணுவிண்ணுனு தெறிக்கும். வலிக்கிற காலு முதல்ல வீட்டுக்குப் போவட்டுமேன்னு விட்டுடுவேன்.

அவ்வளவுதான் சொன்னாள். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவைத்துவிட்டு நான் தூங்கப் போனேன். இத்தனை வருஷம் அது ஒரு சிரிப்பான பதிலாகத்தான் எனக்குள் கிடந்தது. இப்போது சுவரில் சாய்ந்தபடி என் கால்களைக் குனிந்து பார்க்கிறேன். இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன, வயதான, நகம் தடித்த கால்கள். கால் செத்துப்போனது என்று நினைத்தேன். மூளை கெட்டுப்போனது என்று அவர்கள் நினைத்தார்கள். இரண்டும் இல்லை. ஒவ்வொரு நாளும் இந்தப் பெண் வாக் என்று சொல்லும்போது என் மனசில் எழுவது இந்தத் தாழ்வாரம் இல்லை, வீடு. வீட்டுக்கு என்று காலை எடுத்தால், இத்தனை காலத்துப் பழக்கம், அம்மா குரல், லிஃப்டில் குதித்துக் காலை மாற்றிய பையன்கள், எல்லாம் சேர்ந்து வலதைத் தள்ளிவிடுகின்றன, நான் கேட்காமலே. நல்ல காரியத்துக்கு வலது. தெரிந்து செய்தால் நிறுத்திவிடலாம். தெரியாமல் செய்வதை எப்படி நிறுத்துவது. இது டாக்டரின் ஸ்கேனில் விழாது. ஜின்சியிடம் சொல்லலாமா, எந்தப் பாஷையில் சொல்வது. அந்த அரைப்பக்கத்தில் எவ்வளவோ போட்டிருந்தார்கள், எந்தக் கால் முதலில் என்று மட்டும் போடவில்லை. அவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை.

ரெடியா அப்பா, என்கிறாள். சுவரை விட்டு நிமிர்கிறேன். தடியை வைக்கிறேன். ஜன்னலைப் பார்க்கவில்லை, பூபாலனைப் பார்க்கவில்லை, வீட்டைக்கூட நினைக்கவில்லை, நினைத்தால் வலது முந்திக்கொள்ளும். வலிக்கிற கால் போகட்டும். போ. இடுப்பிலிருந்து ஏதோ ஒன்று இழுபட்டு, பாதம் தரையைத் தேய்த்துக்கொண்டு நகர்ந்தது. என் பாதம்தான். நின்றது. வலது அதன் பக்கத்தில் வந்து சேர்ந்தது. முழங்கால் மடங்கவில்லை. ஜின்சி மூச்சுவிடாமல் இருப்பது எனக்குக் கேட்டது. தடி. இடது. வலது. எப்போதும் ஒன்று தரையில். ஒன்று போகும்போது இரண்டு காத்திருந்தன, தடியும் மற்றக் காலும், மூன்று கால் பிராணிபோல நான் டியூப்லைட்டுகள் மிதக்கும் தரைமேல் போனேன். போயிட்டான்யா, என்று கன்னியப்பன் யாரிடமோ சொல்வது கேட்டது, சன்னமாக, சத்தம் போட்டால் நான் விழுந்துவிடுவேன் என்பதுபோல. தாழ்வாரம் சில இடங்களில் நீண்டது, சில இடங்களில் தானாகவே என்னை நோக்கி வந்தது. ஒரு கதவு, உள்ளே யாரோ இருமுகிறார்கள். ஒரு குப்பைக்கூடை. ஒரு நர்ஸ் டிராலியைத் தள்ளிக்கொண்டு வந்தவள் சுவரோடு ஒட்டி வழிவிட்டாள், சாமி ஊர்வலத்துக்கு விடுவதுபோல. வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கை இல்லை. வெயில் முதலில் தடியின் ரப்பரில் பட்டது, பிறகு இடது கட்டைவிரலில். சூடு தெரிந்தது, கொஞ்சமாக, ரொம்ப தூரத்திலிருந்து. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வெளியே ஆஸ்பத்திரி கேட், ஆட்டோக்கள், ஒரு ஆள் இளநீர் சீவிக்கொண்டிருந்தான். குட் வாக் அப்பா, வெரிகுட் வாக், என்றாள் ஜின்சி. அவள் கண் கலங்கியிருந்தது. டாக்டரை அழைச்சுட்டு வரேன் என்று ஓடினாள். இரண்டு காலும் தரையை விட்டு எழும்ப ஓடினாள்.

பூபாலன் என் பக்கத்தில் வரவில்லை. அவன் கொஞ்சம் தள்ளிப் போய், முதுகைக் காட்டி நின்று, போனில் பேசிக்கொண்டிருந்தான். பூனாவுக்கு, மருமகளிடம். நடந்துட்டாரு. ஆமா, தனியாத்தான். இல்ல, ஜன்னல் வரைக்கும். பிறகு அந்தப் பக்கம் அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அந்த ரூமுக்கு வாங்கின கட்டில் இருக்கட்டும், திருப்பி அனுப்ப வேணாம், என்றான். அப்புறம், இல்ல, அப்பா வரலை, என்றான். அந்தக் குரலை நான் முன்பு கேட்டதில்லை. கட்டில் வாங்கியதை என்னிடம் சொல்லவே இல்லை. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பினான், சிரித்தான், சூப்பர்ப்பா என்றான். முழுக்கை சட்டை, காதோரம் நரை, எவ்வளவு பெரிய ஆள். எனக்கு அவனிடம் ஏதோ சொல்ல வேண்டியிருந்தது, வீட்டைப் பற்றி, கதவைப் பற்றி, கிடந்தது எவ்வளவு நேரம் என்பதைப் பற்றி. கட்டில்வரைக்கும் திரும்பிப் போகணுமே, என்றேன்.

வீல்சேர் கொண்டாரச் சொல்லவாப்பா.

வேணாம். கையைப் பிடிச்சிக்கோ.

பிடிக்கக்கூடாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சே.

வரும்போதுதான் அது. போகும்போது பிடிச்சிக்கலாம், என்றேன்.

வலது கையில் தடி இருந்ததால் அவன் இடது பக்கம் வந்தான். திரும்பினோம். அவன் நீளக் கால்களைச் சுருக்கிச் சுருக்கி வைத்தான், ஒவ்வொரு தடவையும் நான் வைத்த பிறகே வைத்தான். இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு போனோம். இடது கையில் எனக்கு இன்னும் உணர்ச்சி திரும்பவில்லை. அவன் பிடித்துவிட்டானா இல்லையா என்று தெரியவில்லை. குனிந்து பார்த்தேன். பிடித்திருந்தான், விரலோடு விரல் கோத்து, இறுக்கி.